ஒன்பது பேரின் கால்வலி

விண்ணப்பத்தில் மற்ற எல்லாக் கட்டங்களையும் ஒரே சாயங்காலத்தில் நிரப்பிவிட்டேன். ஒரு கட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். "உங்கள் பணியை நேரில் பார்த்த இருவரின் பெயர்களைத் தரவும்." இரண்டே இரண்டு பேர்தான் கேட்கிறார்கள், இருபது பேர் இல்லை. ஆனால் என் வேலையை யார் பார்த்தது? ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நான் மெடிக்கல் ரூம் டாக்டர். ஐந்து வருஷமாகப் பகலில் அந்த அறையில் நானும் ஒரு கட்டிலும் ஒரு பிரஷர் மிஷினும்தான். கட்டிலைக் கேட்டால் என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்லும். கட்டிலுக்கு ஈமெயில் ஐடி இல்லை.

விண்ணப்பம் விளையாட்டு மருத்துவத்தில் மேற்படிப்புக்கு. வடக்கே ஒரு நிறுவனத்தில் மூன்று வருஷப் பயிற்சி. இடங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நுழைவுத் தேர்வில் ஓரளவு மார்க் இருந்தது. மிச்சத்தை விண்ணப்பத்தையும் நேர்காணலையும் வைத்து முடிவு செய்வார்கள். போன வருஷமும் போட்டேன், நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. எனக்கு முப்பத்து நாலு வயது. இந்த முறையும் கிடைக்கவில்லையென்றால் இந்த ஆசையை மூட்டை கட்டிவிடுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். அம்மா கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் இருக்கிறாள். "அப்ப டிவில கிரிக்கெட் காட்டும்போது நீயும் பையத் தூக்கிக்கிட்டு ஓடுவியா?" என்று கேட்டாள். காலேஜ் நண்பர்களின் வாட்ஸப் குரூப்பில் சொன்னேன். நாலு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள், ஐந்தாவது ஆள் பிறந்தநாள் கேக் படம் போட்டார், அதோடு என் விஷயம் மேலே போய்விட்டது.

எனக்கு விளையாட்டு சுத்தமாக வராது. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்து, பாவம் என்று கைதட்டு வாங்கியவள். ஆனால் மெடிக்கல் ரூமுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உடம்பு அசைவதால்தான் வலி. ஒரே போல்ட்டை ஒரே பக்கமாக எட்டு மணி நேரம் திருகிய தோள். நின்று நின்றே வீணாய்ப்போன குதிகால். எல்லாருக்கும் நான் சொல்கிற வைத்தியம் ஒன்றுதான்: ரெஸ்ட் எடுங்க. ரெஸ்ட் எடுக்க முடிகிறவன் எதற்கு என்னிடம் வருகிறான்? அசையாதே என்று சொல்லாமல் வலியைத் தீர்க்கிற வைத்தியம் ஒன்று இருக்கிறது, அது எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் பக்கத்தில் ஆள் இல்லை. அந்த எரிச்சலில்தான் விண்ணப்பம் போட்டேன், லட்சியம் கிட்சியம் எல்லாம் ஒன்றுமில்லை.

அந்த இரண்டு பெயருக்கு வருகிறேன். படித்த காலேஜில் எலும்பு சிகிச்சைப் பேராசிரியருக்கு எழுதினேன். மூன்றாவது தடவை ஞாபகப்படுத்திய பிறகு, "எந்த பேட்ச் நீ?" என்று பதில் வந்தது. கூடவே எந்த மாணவிக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு கடிதம். இன்னொன்றுக்கு எங்கள் கம்பெனி ஹெச்.ஆர். அதிகாரியைக் கெஞ்சினேன். "பஞ்ச்சுவல்னு போட்டுடறேன் மேடம், போதுமா?" என்றார். போதும் என்றேன், வேறு என்ன சொல்ல?

தனிமை என்றெல்லாம் அப்போது அதற்குப் பெயர் வைக்கவில்லை. கேண்டீனில் நான் தட்டோடு போய் உட்கார்ந்தால் அந்த மேசையில் பேச்சு நின்றுவிடும். நின்றால்கூடப் பரவாயில்லை. யாராவது ஒருத்தர் சட்டையைத் தூக்கி, "டாக்டர், இந்தக் கட்டியக் கொஞ்சம்..." என்று ஆரம்பிப்பார். சாம்பார் சாதத்தோடு கட்டி பார்த்துப் பார்த்துச் சலித்து, டிபன் பாக்ஸை மெடிக்கல் ரூமிலேயே திறக்கப் பழகிவிட்டேன். ஐந்தரைக்கு ஸ்டாஃப் பஸ். படப்பையில் இறங்கிக் கடையில், "ஒரு பால் பாக்கெட்" என்பேன். பெரும்பாலும் அன்றைக்கு நான் பேசுகிற கடைசி வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

வீடு படப்பையிலிருந்து உள்ளே தள்ளி, புதிதாக பிளாட் போட்ட இடத்தில் இரண்டாவது மாடி. சுற்றிலும் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லும் முள்செடியும்தான். தார் ரோடு மட்டும் அகலமாகப் போட்டுவிட்டார்கள், வீடுகள்தான் இன்னும் வரவில்லை. காலையில் டீயோடு பால்கனியில் நிற்பேன். அந்தக் காலி ரோட்டில் ஒரு பெண் ஓடுவாள். சாம்பல் நிற பேன்ட், தொளதொளவென்று ஒரு டீ ஷர்ட், இறுக்கி முடிந்த கொண்டை. மூலையில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிவரை போவாள், திரும்புவாள், மறுபடியும் போவாள். நாய் துரத்தினாலும் வேகம் மாறாது. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இரண்டாவது டம்ளர் டீயை அவளுக்காகத்தான் போட்டுக்கொள்வேன், குடிப்பது நானாக இருந்தாலும்.

இரண்டு மாதம் போனபின் ஒன்றைக் கவனித்தேன். இடது காலை ஊன்றியதும் சட்டென்று எடுத்துவிடுகிறாள். சூடான தரையில் வைத்த மாதிரி ஒரு அவசரம். இறங்கிப் போய்க் கேட்கலாமா என்று நினைத்தேன். என்னவென்று கேட்பது? "ஏம்மா, உன் காலை நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றா? பைத்தியம் என்று நினைத்துக்கொள்வாள். நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். அப்படி எத்தனையோ நாளை வந்து போனது.

விண்ணப்பத்தில், "சொந்தமாகச் செய்த ஆய்வு" என்று இன்னொரு கட்டம். போன வருஷம் அதைக் காலியாக விட்டதால்தான் தூக்கிப் போட்டார்கள் என்று எனக்குச் சந்தேகம். இந்த முறை எங்கள் மெடிக்கல் ரூம் ரிஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேதி, பெயர், டோக்கன் நம்பர், என்ன தொந்தரவு, என்ன மருந்து. பகலில் நான் எழுதுவேன். நான் கிளம்பியபின் வருகிறவர்களை இரண்டாவது ஷிப்ட் நர்ஸ் எழுதிவைப்பார். மறுநாள் காலையில் பக்கத்தின் அடியில் என் கையெழுத்து. படித்துப் பார்த்தா போடுவேன்? கையெழுத்துக்கு இடம் இருக்கும், போடுவேன்.

இப்போது படித்தேன். படிக்கப் படிக்க உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டாவது ஷிப்ட், ஒரே லைன், இரண்டரை மாதத்தில் ஒன்பது பெண்களுக்கு ஒரே தொந்தரவு: இடது கீழ்க்கால் முன் எலும்பில் வலி. ஒன்பது பேர்! மறுநாளே அந்த லைனுக்குப் போனேன். கான்கிரீட் தரை, மெல்லிய ரப்பர் பாய், கெட்டியான சேஃப்டி ஷூ. அடடா, விடை கண்ணெதிரே கிடக்கிறதே என்று துள்ளினேன். ஒன்பது பேரையும் மெடிக்கல் ரூமுக்கு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டேன். எல்லாரும் ஒரே பதில்: "இப்ப சரியாப் போச்சு டாக்டர்." எலும்பை அழுத்திப் பார்த்தால் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருத்தி வலது காலை நீட்டினாள். இடது என்று எழுதியிருக்கிறதே என்றதும் அவசரமாகக் காலை மாற்றினாள். இன்னொருத்திக்கு வெளியே போகும்போது சிரிப்பு தாங்கவில்லை.

எனக்கு அங்கேயே பொறிதட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. வேலை போய்விடும் என்று பயந்து வலியை மறைக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அதையும் ஆய்வில் ஒரு பத்தியாக எழுதினேன், ரொம்ப உருக்கமாக. தொழிற்சாலைத் தரையே ஒரு விளையாட்டுக் களம் என்றெல்லாம் எழுதினேன். இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கு அது எனக்கு அவ்வளவு பெருமை.

மூன்று வாரத்தில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. சனிக்கிழமை மதியம், வீடியோவில். "உங்கள் ஆய்வைப் பற்றி விரிவாகப் பேச விரும்புகிறோம்" என்று கடிதத்தில் தனியாக ஒரு வரி. மெடிக்கல் ரூமில் தனியாக நின்று, "வந்துடுச்சு!" என்று சத்தமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் சுற்றிப் பார்த்தேன். பிரஷர் மிஷின் இருந்தது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு, யூனிஃபார்மும் தலைத்தொப்பியுமாக ஒரு பெண்ணை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். அதே லைன். மேடையிலிருந்து ஒரு படி இறங்கியிருக்கிறாள், அவ்வளவுதான், கீழே விழுந்துவிட்டாள். இடது கீழ்க்கால். தொடும் முன்பே கத்தினாள். என் ஒன்பது பேர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அட, பத்தாவது கேஸ் என்று ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முன் எலும்பில் விரிசல் தெளிவாகத் தெரிந்தது. ஒரே நாளில் வருகிற விரிசல் இல்லை அது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கடைசியில் விட்டுப்போனது.

மறுநாள் நர்ஸ் ஷிப்டுக்கு வந்தவுடன் கதவைச் சாத்தினார். சேரப்பணஞ்சேரிக்காரர், நாற்பது நாற்பத்தைந்து வயது. நான் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது வருகிறவர். ஐந்து வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் மருந்து ஸ்டாக் பற்றித்தான்.

"டாக்டர், உங்களாண்ட ஒண்ணு சொல்லணும். கோச்சிக்காதீங்க. அந்த ஒம்போது பேரும் ஒரே ஆளு."

எனக்குப் புரியவில்லை. "என்ன சிஸ்டர் சொல்றீங்க?"

"வந்துகினு இருந்தது அந்தப் பொண்ணு ஒருத்திதான். நேத்து வுழுந்துச்சே, அது. வாரத்துக்கு ஒரு தபா ஸ்ப்ரே அடிச்சிகினு போவும். காண்ட்ராக்ட் ஆளு பேரு மாசத்துல மூணு தபா ரிஜிஸ்டர்ல வந்தா இன்னா ஆவும்? அனுப்பிடுவாங்க. அதான் லைன்ல இருக்கிற பொண்ணுங்க மாத்தி மாத்திப் பேரு குடுத்துச்சுங்க. 'இந்த வாரம் என் பேர்ல எழுதிக்கோங்க சிஸ்டர்'னு. எல்லாருக்கும் அதான் பண்றோம். இதுக்கு மட்டும் இல்ல."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பேனாவை மேசைமேல் வீசினேன். என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், இது என்ன விளையாட்டு ரிஜிஸ்டரா, ஒரு தடவை என்னிடம் அனுப்பியிருந்தால் விழுந்திருப்பாளா என்று கத்தினேன். அவர் அசையாமல் நின்று கேட்டார்.

"உங்களாண்ட அனுப்பினா லைட் டூட்டின்னு சீட்டு எழுதுவீங்க. காண்ட்ராக்டருக்கு லைட் டூட்டின்னா டூட்டியே இல்ல, வூட்டுக்குப் போன்னு அர்த்தம். அது தெரியாதா டாக்டர் உங்களுக்கு? தெனம் கையெழுத்துப் போட்டீங்களே, ஒரு நாளு, 'இன்னா சிஸ்டர் இது'ன்னு கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

ரிஜிஸ்டரைப் புரட்டினேன். ஒன்பது பக்கத்திலும் என் கையெழுத்து.

அன்றைக்கு சாயங்காலம் அந்தப் பெண் தங்கியிருந்த ஹாஸ்டலுக்குப் போனேன். விலாசத்தை இரண்டு தடவை படித்தேன். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு. கட்டுப்போட்ட காலைப் பெட்டிமேல் நீட்டி வைத்து, சாம்பல் நிற பேன்ட்டோடு அவள் உட்கார்ந்திருந்தாள். தலையில் அதே இறுக்கி முடிந்த கொண்டை. ஷிப்ட் மாறி வந்தவர்களும் லீவில் இருந்தவர்களுமாக அறை நிறையப் பெண்கள். ஒருத்தி அவளுக்குத் தோசையைப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். வலது காலை நீட்டியவளும் அங்கே இருந்தாள். என்னைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"ஒங்கள எனக்குத் தெரியும் டாக்டர்," என்றாள் அந்தப் பெண். ராமநாதபுரம் பக்கத்துப் பேச்சு. "மாடில நின்னு டீ குடிப்பீகள்ல. நான் ஓடுறப்ப டெய்லி பாப்பேன். ஒரு நாளாச்சும் கையக் காட்டுவீகன்னு நெனப்பேன். நீங்க ஏதோ யோசனையில நிப்பீக."

போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸ் செய்திருக்கிறாள். ஓட்டத் தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம். காலையில் ஓடுவதற்காகவே கேட்டு வாங்கி எப்போதும் இரண்டாவது ஷிப்ட். ஷிப்ட் முடிந்து வந்து அஞ்சு மணி நேரம்கூடத் தூங்காமல் எழுந்து ஓடியிருக்கிறாள். இப்போது தேர்வு போய்விட்டது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது. என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: "நான் திரும்ப எப்ப ஓடலாம் டாக்டர்?"

"ரெஸ்ட் எடுக்கணும்மா," என்றேன்.

"ரெஸ்ட்டுன்னா எம்புட்டு நாளைக்கு? அப்பறம் ஒரேயடியா ஓடலாமா, கொஞ்சங் கொஞ்சமாவா? எப்புடித் தெரியும் சரியாயிருச்சுன்னு?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் படித்தது நாலு வரி ஞாபகம் இருந்தது. அதை நம்பி ஒரு பெண்ணை ரோட்டில் இறக்கிவிட முடியாது. பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். படியிறங்கும்போது பின்னால் எல்லாரும் மறுபடி பேச ஆரம்பித்தது கேட்டது. அவளுக்குக் கால் வலித்தபோது ஒன்பது பேர் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இரண்டு பெயர் தேற்ற மூன்று மாதம் ஆனது, அதிலும் ஒருவருக்கு நான் எந்த பேட்ச் என்று தெரியாது. பொறாமை என்றால் பொறாமைதான். இரண்டு தெருவும் நடந்து முடிகிறவரை அழுதேன், ஆள் நடமாட்டம் இல்லாத தெரு என்பதால் துடைக்கக்கூட இல்லை.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஒரே குடைச்சல். சும்மா இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆய்வில் யார் பெயரும் கிடையாது. ஒன்பது என்பது வெறும் எண். அந்த எண்ணை நம்பித்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் நர்ஸுக்கு ஆபத்து வருமோ என்றும் ஒரு சாக்கு கிடைத்தது. வடக்கே இருக்கிற டாக்டர்களுக்கும் சேரப்பணஞ்சேரிக்கும் என்ன சம்பந்தம்? சாக்குதான் அது. எனக்கு அந்த இடம் வேண்டும், வேறொன்றுமில்லை.

சனிக்கிழமை மதியம் இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். திரையில் மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு ஒரு அம்மா, அவர்தான் தலைமை. ஆய்வு சுவாரசியமாக இருக்கிறது, தொழிற்சாலையை இப்படி யாரும் பார்த்ததில்லை, சொல்லுங்கள் என்றார். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்த முதல் வரி வாய்வரை வந்தது.

"அது தப்பு," என்றேன். "ஒன்பது பேர் இல்லை. ஒருத்திதான்."

சொல்லி முடித்தேன். பெயர் கொடுத்தது, எழுதியது, படிக்காமல் கையெழுத்துப் போட்டது, அவள் விழுந்தது, மாடியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது வரை. ஓரத்தில் இருந்தவர் ஏதோ எழுதினார். இன்னொருவர் மைக்கை அணைத்துவிட்டு இருமினார். போச்சு, அவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததும் ஒரு தைரியம் வந்தது, இனி என்ன என்று.

"எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று அந்த அம்மா கேட்டார். எல்லா நேர்காணலிலும் கடைசியாகக் கேட்கிற மரியாதைக் கேள்வி.

"ஆமாம். அவள் எப்போது ஓடலாம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சாப்பிடுகிறாள்?" என்று திருப்பிக் கேட்டார். தெரியாது என்றேன். "மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா?" கேட்கவில்லை என்றேன். "முதலில் அதைக் கேளுங்கள். தரையை அப்புறம் பார்க்கலாம்," என்றார். போதாத சாப்பாடு, போதாத தூக்கம், அதற்குமேல் ஓட்டம், மாதவிலக்கு நின்றுபோவது, எலும்பு தேய்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். எத்தனை வாரம் காலை ஊன்றக் கூடாது, எப்போது நடப்பது, எந்த இடத்தில் அழுத்திப் பார்ப்பது, ஒற்றைக் காலில் குதித்துப் பார்ப்பது எப்போது, ஒரு நிமிஷ ஓட்டத்திலிருந்து எப்படி ஏற்றுவது. நான் பேப்பர் தேடி, கிடைக்காமல், கரண்ட் பில்லின் பின்னால் எழுதினேன். எனக்குக் கொடுத்த நேரம் முடிந்து பத்து நிமிஷம் ஆகியும் பேசினார். ஐந்து வருஷத்தில் என் தொழிலைப் பற்றி இன்னொரு டாக்டர் என்னோடு உட்கார்ந்து பேசியது அன்றைக்குத்தான். திரை அணைந்தபின் வீடு இன்னும் நிசப்தமாகிவிட்டது.

நேரே ஹாஸ்டலுக்குப் போய்க் கேட்டேன். மாதவிலக்கு வந்து அஞ்சு மாதம் ஆயிற்றாம். "நல்லதாப் போச்சு, ஓடுறதுக்குத் தொந்தரவு இல்லன்னு விட்டுட்டேன் டாக்டர்," என்றாள். ராத்திரிச் சாப்பாடு பாதி நாள் கிடையாது. உடம்பு கனத்தால் ஓட முடியாது என்று யாரோ சொன்னார்களாம். ஒன்பது பேரைப் படுக்க வைத்துக் காலை அழுத்தினேனே, ஒருத்தியிடம் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறேனா? கரண்ட் பில்லில் இருந்ததை அவளுக்குப் புரிகிற மாதிரி ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்றாள்; விண்ணப்பம், நேர்காணல், இந்த முறை கிடைக்காது என்பதுவரை சொன்னேன்.

திங்கட்கிழமை ஹெச்.ஆர். அதிகாரியிடம் போய், யார் பெயரையும் சொல்லாமல், மூன்று தடவை ரிஜிஸ்டரில் வந்தால் ஆளை மாற்றுகிற வழக்கத்தை நிறுத்துங்கள் என்றேன். "அப்படி ஒரு ரூலே நம்ம கம்பெனில இல்லையே மேடம்," என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அந்த வார முடிவிலேயே, கால் சரியானதும் கூப்பிடுகிறோம் என்று சொல்லி, காண்ட்ராக்டர் அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்.

அவள் பஸ் ஏறுகிற அன்று நான் போய் நின்றேன். பைகளைத் தூக்க ஆட்கள் நிறைய இருந்தார்கள், எனக்கு வேலை இல்லை. மறுநாள் காலை டீயோடு பால்கனிக்குப் போனேன். காலி ரோடு, கல், முள், தண்ணீர்த் தொட்டி. இரண்டாவது டம்ளர் போடவில்லை.

முடிவு ஒரு மாதம் கழித்து வந்தது. "இம்முறை உங்களைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை." எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது வந்தால் வலிக்காது என்று எவன் சொன்னானோ, அவன் மட்டும் கையில் கிடைத்தால் தெரியும். யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு கட்டைவிரல் வந்திருக்கும்.

கடைசியில் நர்ஸுக்கு மட்டும் தெரியவந்தது. அந்தக் கோபத்துக்குப் பிறகு நான் நாலு மணிக்கு இரண்டு டீ வாங்கி வைப்பது வழக்கமாகியிருந்தது, ஒன்று அவருக்கு. மன்னிப்பு என்று வாயால் கேட்க வராமல் டீயில் ஆரம்பித்தது. ரிஜிஸ்டரையும் அவர் வந்தபின் எதிரில் வைத்துப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். பெயர்கள் இன்னும் மாறித்தான் வருகின்றன. ஆனால் யாருக்கு நிஜமாக வலி என்று அவர் எனக்கு வாயால் சொல்லிவிடுவார், நான் அவளைத் தண்ணீர் குடிக்க வருகிற சாக்கில் வரச்சொல்லிப் பார்ப்பேன். இது சரியா என்று எந்த நேர்காணலில் கேட்டாலும் என்னால் பதில் சொல்ல முடியாது.

நாலு மாதம் ஆயிற்று. ஒரு நாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போனில் குரல் செய்தி வந்தது. சத்தமாகவே வைத்தேன். "டாக்டர், இன்னைக்கி மூணு நிமிசம் ஓடுனேன். நோட்டுல போட்ருக்கபடிதேன். அழுத்திப் பாத்தேன், வலி இல்ல. நெசமாத்தேன் சொல்றேன். ரெண்டு மாசமா எல்லாம் ஒழுங்கா வருது. அடுத்த வருசம் தேர்வு வந்தா நான் போறேன். நீங்களும் போடுவீகள்ல?"

நர்ஸ் டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னா போடப்போற?"

அப்போதுதான் சொன்னேன். கிடைக்கவில்லை என்று, இனிமேல் போடப்போவதில்லை என்று. அது என்ன பெரிய கஷ்டம் என்று கேட்டார். ஒன்றா இரண்டா, முதலில் அந்தக் கட்டம் என்றேன், என் வேலையை நேரில் பார்த்த இரண்டு பேர் வேண்டும், எங்கே போக?

"இம்மாந்தானா?" என்றார். "எங்களாண்ட கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்போமே. என் பேரப் போட்டுக்கோ. அஞ்சு வருசமா உன் கையெழுத்தப் பாத்துகினுதானே கீறேன்? திருந்தினதையும் நான்தான் பாத்தேன். அந்தப் பொண்ணு பேர இன்னொண்ணாப் போட்டுக்கோ. ரெண்டு ஆச்சா?"

செல்லாது. அந்தக் கட்டத்தில் பெரிய பதவியில் இருப்பவர்கள் பெயர் மட்டும்தான் செல்லும். அதை அவரிடம் சொல்ல வாய் திறந்தேன், விம்மல்தான் வந்தது. டீ புரையேறியது என்று நினைத்து என் தலையில் தட்டினார்.

"ஆச்சா, இல்லியா?"

"ஆச்சு சிஸ்டர்," என்றேன். "இனிஷியல் சொல்லுங்க. அப்பாதா, வூட்டுக்காரர்தா?"

"அப்பாது போடு," என்றார்.

ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயரையும் எழுதி வைத்தேன்.